சுண்ணாம்புக்கல்லுக்கு மீள்சுமைச் சோதனை: யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றின் சேவை எப்படி?

யாழ்ப்பாணத்தில் பொருட்சோதனை ஆய்வுகூடங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொங்கிறீற்றுக் கட்டியையோ, கம்பியையோ, மண்ணையோதான் கொண்டுபோவார்கள். பாறையைக் கொண்டுபோகிறவர்கள் குறைவு. கொண்டுபோனாலும், எத்தனை மெகா பஸ்காலில் உடைகிறது என்ற ஒற்றை எண்ணோடு திரும்பிவிடுவார்கள். இந்த நிலையில், தனியார் கூடம் ஒன்று சுண்ணாம்புக்கல் உருளைகளுக்கு மீளமீளச் சுமையேற்றி இறக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கல்லுக்குள் போன சக்தி எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, வராமல் நின்றது எவ்வளவு என்று கணக்கிட்டு, அதிலிருந்து கல்லின் சிதைவை மதிப்பிட்டுத் தருகிறது. அந்தச் சேவையைப் பணம் கொடுத்துப் பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்லவேண்டியிருப்பதால் கூடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே சேவையை வேறெங்கு பெறுகிறவருக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அளவீடு நன்றாக இருக்கிறது, அளந்தவற்றுக்கு அறிக்கை கற்பிக்கும் பொருள்தான் அளவுக்கு மிஞ்சிப் போகிறது.

எங்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்ட காரணம் இது. வலிகாமம் வடக்கில், கடற்கரைக்கு அண்மையில், மீன்பிடிக்கு ஐஸ் உற்பத்தி செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றுக்கு அத்திவார வடிவமைப்பைப் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஐஸ் தொழிற்சாலையின் அமோனியா அழுத்தி (கொம்பிரசர்), முசலம் (பிஸ்டன்) முன்னும் பின்னும் ஓடும் வகையைச் சேர்ந்தது. நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்தால், மணிக்கு 45,000 தடவை அத்திவாரத்தைத் தட்டும். பத்து இலட்சம் தட்டல்களுக்கு ஒரு நாள்கூடத் தேவையில்லை, ஏறக்குறைய 22 மணித்தியாலம் போதும். அத்திவாரம் இருக்கப்போவது மேல்மண்ணை அகற்றிய உடனே வெளிப்படும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல். குடாநாட்டின் இந்தக் கல்லைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நிலாவரைக் கிணறும், ஊரெழுப் பொக்கணையும், கீரிமலைக் கேணியும் எதனால் உண்டாயினவோ, நீரில் கல் கரையும் அதே வேலைதான் நம் வீட்டு வளவின் கீழும் நடந்திருக்கிறது. வன்னியிலிருந்து லொறியில் வரும் கருங்கல்லைப்போல இது நெருக்கமாகப் பளிங்குருவான கல் அன்று. சிப்பித் துண்டுகளும், நுண்துளைகளும், விரல் நுழையும் பொந்துகளும் கொண்டது. இப்படியான கல்லுக்குத் தனிச் சுமையில் எடுத்த வலிமை எண் போதுமா, பல இலட்சம் தடவை தட்டினால் என்ன ஆகும் என்று உரிமையாளர் கேட்டார். கேள்வி நியாயமானது.

கூடத்தின் வேலை கோர் எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. அவர்களுடைய துளைபொறி 54 மில்லிமீற்றர் விட்டமுள்ள கல்லுருளையை எடுக்கிறது. பாறைப் பொறிமுறைக்கான பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் அளவும் ஏறக்குறைய இதுவே. நீளம், விட்டத்தைப்போல இரண்டரை மடங்காக, அதாவது 135 மில்லிமீற்றராக வெட்டப்படுகிறது. இரு முனைகளையும் அரைத்து மட்டமாக்குவதில் அவர்கள் காட்டும் கவனத்தை மனமாரப் பாராட்டவேண்டும். பரிந்துரையின்படி முனைத்தளத்தின் ஏற்றத்தாழ்வு 0.02 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். சுழல்மானியை வைத்து ஒவ்வொரு உருளையையும் என் முன்னிலையிலேயே அளந்து குறித்தார்கள், மீறியதை மறுபடி அரைத்தார்கள். இந்த அக்கறை ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு ஒன்று. கல்லின் யங்கின் மட்டு, அதாவது அதன் விறைப்பின் அளவு, 20 கிகா பஸ்கால் என்று கொள்வோம். 14 மெகா பஸ்கால் தகைப்பில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையில்) உண்டாகும் விகாரம், அதாவது நீளத்தில் குறுகும் பங்கு, 0.0007. அதை 135 மில்லிமீற்றரால் பெருக்கினால் உருளை குறுகும் நீளம் 0.1 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. இயந்திரத் தட்டுகளின் நகர்வை வைத்துக் குறுக்கத்தை அளக்கும்போது, முனை சரியாக அமராமல் 0.02 மில்லிமீற்றர் தளர்ந்திருந்தால், மொத்த அளவீட்டில் ஐந்தில் ஒன்று கல்லைப் பற்றியதாக இருக்காது. அப்படி அளந்து சக்தியைக் கணக்கிடும் சோதனையில் அந்தத் தளர்வு முழுவதும் கல்லுக்குள் விரயமான சக்தியாகத் தோற்றமளிக்கும்.

ஆனால் மாதிரியைத் தெரிவுசெய்யும் இடத்திலேயே எனக்கு முதல் மனக்குறை உண்டாயிற்று. எடுத்த கோர்களில் பொந்து விழுந்தவற்றை ஒருபுறம் ஒதுக்கி வைத்துக்கொண்டே போனார்கள். காரணம் கேட்டபோது, இயந்திரத்தடியில் நின்ற தம்பி, “அண்ணை, இது பொந்துக் கல்லு, அரைக்கேக்கையே உதிர்ந்துபோடும், மெசினுக்குள்ள நிக்காது” என்றார். அவர் சொன்னது உண்மை. உருளையாக நிற்காத கல்லை நெருக்கற் சோதனைக்கு உட்படுத்த முடியாது. இருந்தாலும் அப்படி ஒதுக்கியபின் எஞ்சியிருப்பவை அந்த வளவின் நல்ல கற்கள் மாத்திரமே. மொத்தமாக எடுத்த கோர் நீளத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதியிருக்கவேண்டும். நான் கேட்டபிறகே கையால் எழுதி இணைத்தார்கள். பாறை பற்றிய அறிக்கையைப் படிப்பவர் முதலில் தேடவேண்டியது, உடைத்துப் பார்த்த கற்களின் எண்களைவிட, உடைக்கவே முடியாமல் போன கற்கள் எவ்வளவு என்பதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சோதனை இரண்டு படியாக நடக்கிறது. முதலில் சில உருளைகளைத் தனிச் சுமையில் உடைத்துச் சராசரி நெருக்கல் வலிமையை எடுக்கிறார்கள். பின்னர் மற்ற உருளைகளை அந்த வலிமையின் குறித்த சதவீதம் வரை ஏற்றி, அடிமட்டச் சுமைவரை இறக்கி, மீண்டும் ஏற்றுகிறார்கள். கல்லின் பக்கத்தில் நேரடியாக ஒட்டிய விகாரமானிகள் குறுக்கத்தை அளக்கின்றன. சில இடங்களில் இயந்திரத்தின் தட்டுகள் நகர்ந்த தூரத்தையே கல்லின் குறுக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் இயந்திரச் சட்டகத்தின் நெகிழ்வும் கல்லின் கணக்கில் சேர்ந்துவிடும். இங்கே அந்தக் குறை இல்லை.

இனி, இந்தச் சேவையின் உயிர்நாடியான சக்திக் கணக்கு. தகைப்பை நிலைக்குத்திலும் விகாரத்தைக் கிடையிலும் குறித்து வரைபு வரைந்தால், ஏற்றும்போது கிடைக்கும் வளையியின் கீழுள்ள பரப்பளவு, கல்லின் ஒரு கன மீற்றருக்குள் இயந்திரம் செலுத்திய வேலையைக் குறிக்கும். சுமையை இறக்கும்போது வளையி வந்த வழியே திரும்புவதில்லை. சற்றுக் கீழாக இறங்குகிறது. இறங்கும் வளையியின் கீழுள்ள பரப்பளவுதான் கல் திருப்பிக் கொடுத்த மீள்சக்தி. இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பளவு, கல் தன்னோடு வைத்துக்கொண்ட அல்லது வெப்பமாக வெளியே விட்ட சக்தி. மேலே சொன்ன கல்லையே எடுத்தால், 14 மெகா பஸ்காலில் சேமிக்கப்பட்டிருக்கும் மீள்சக்தி, தகைப்பின் வர்க்கத்தை மட்டின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது, கன மீற்றருக்கு 4.9 கிலோ யூல். ஏற்றும்போது செலுத்தியது 5.5 கிலோ யூல் என்று வரைபு காட்டினால், அந்தச் சுற்றில் திரும்பாதது 0.6 கிலோ யூல். கூடம் ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த மூன்று எண்களையும் அட்டவணையாகத் தருகிறது. இலங்கைக்குள் பணம் கொடுத்துப் பெறக்கூடிய சோதனை அறிக்கை ஒன்றில் இவ்வளவு விவரத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்த அட்டவணையை வரிசையாகப் படிப்பதே ஒரு பாடம். முதற் சில சுற்றுகளில் விரயம் அதிகமாக இருக்கிறது. பிறகு சட்டென்று குறைந்து, நீண்ட நேரம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. உயர்ந்த சுமையில் ஓடிய உருளைகளில், உடைவதற்குச் சற்று முன்னர் மறுபடி கூடத் தொடங்குகிறது. வரைபில் பின்னிடைவுத் தடங்கள் (ஏறும் வளையியும் இறங்கும் வளையியும் சேர்ந்து அமைக்கும் கண்ணிகள்) முதலில் இடைவெளிவிட்டும், நடுவில் ஒன்றோடொன்று நெருங்கியும், கடைசியில் மீண்டும் விலகியும் தெரிகின்றன. மீள்சுமைக்கு உட்படும் பாறைகளில் பரவலாகக் காணப்படும் மூன்று கட்டங்கள் இவை. நடுக்கட்டம் எவ்வளவு நீள்கிறது என்பதே கல்லின் ஆயுள். உச்சத் தகைப்பு ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் மூன்றாம் கட்டம் நடைமுறையில் வருவதேயில்லை. அந்த எல்லை கல்லுக்குக் கல் மாறும், ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் தனிச்சுமை வலிமையின் 60 முதல் 90 சதவீதத்துக்குள் விழுகிறது.

முதற் சுற்றுகளின் பெரிய விரயத்தை அறிக்கை “ஆரம்பச் சிதைவு” என்று பெயரிட்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. நுண்துளை மிகுந்த நம் சுண்ணாம்புக்கல்லில் முதலேற்றத்தின்போது திறந்திருக்கும் வெடிப்புகளும் துளைகளும் மூடுகின்றன, மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அமர்கின்றன. அதில் சக்தி செலவாவது மெய்தான். அமர்ந்தபின் கல்லின் விறைப்பு கூடியிருப்பதைக் கூடத்தின் சொந்த வரைபே காட்டுகிறது: இரண்டாம், மூன்றாம் சுற்றுகளின் சாய்வு முதற் சுற்றைவிடச் செங்குத்து. விறைப்புக் கூடிய கல்லைச் சிதைந்த கல் என்று எப்படிச் சொல்வது? புதுப் பாய் மிதிபட்டுப் பதிவதைக் கிழிசல் என்று யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் “சிதைவுச் சுட்டி” என்று அறிக்கையின் முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் தரப்படும் எண்ணில் இருக்கிறது. ஒரு சுற்றுவரை விரயமான சக்தியின் கூட்டுத்தொகையை, உடையும்வரை விரயமாகும் மொத்தச் சக்தியால் வகுத்து அதைப் பெறுகிறார்கள். பூச்சியம் என்றால் புதுக்கல், ஒன்று என்றால் உடைந்த கல். இந்த வழி கூடத்தின் கண்டுபிடிப்பு அன்று. பாறைப் பொறிமுறை ஆய்வுகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. சக்தி விரயம் வலிமையைக் குறைக்கிறது, சேமித்த மீள்சக்தி திடீரென்று விடுபடும்போது கல் சிதறுகிறது என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய சீன ஆய்வாளர் சியே ஹெப்பிங் குழுவினரின் 2009ஆம் ஆண்டுக் கட்டுரை பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதற்கு முன்னோடியாக, வெடிப்பு வளர்வதைச் சக்திச் சமநிலையால் விளக்கிய கிரிபித்தின் 1921ஆம் ஆண்டுக் கட்டுரை இருக்கிறது. அடிப்படை உறுதியானது. என் ஆட்சேபம் அதைப் பயன்படுத்தும் விதம் பற்றியது.

அந்த வகுத்தலில் கீழே, பகுதியெண்ணாக வரும் மொத்த விரயம், கல் உடைந்தபிறகே தெரியவருகிறது. உடையாமல் நிறுத்திய உருளைக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது? விசாரித்தபோது, அதே தொகுதியில் உடைந்த வேறோர் உருளையின் மொத்தத்தை எடுத்து இட்டதாகச் சொன்னார்கள். ஒரே கோரின் மேல் துண்டும் கீழ் துண்டும் இரு மடங்கு வேறுபடக்கூடிய கல்லில், இது ஒருவரின் இரத்த அழுத்தத்தை அளந்து அவருடைய தம்பியின் அறிக்கையில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

அத்துடன், விரயமான சக்தி அனைத்தும் வெடிப்பாக மாறுவதில்லை. இதை ஒரு பெருக்கலில் பார்த்துவிடலாம். 54 மில்லிமீற்றர் விட்டமும் 135 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளையின் கனவளவு சுமார் 0.00031 கன மீற்றர். சுற்றுக்கு 0.6 கிலோ யூல் என்ற விரயம் அந்த உருளைக்கு ஏறத்தாழ 0.19 யூலாகும். ஆயிரம் சுற்றில் 185 யூல். பாறையில் ஒரு சதுர மீற்றர் வெடிப்பை உண்டாக்க 50 யூல் வேண்டும் என்று கொண்டால், 185 யூலால் மூன்றரைச் சதுர மீற்றருக்கும் மேலான வெடிப்பு உண்டாகியிருக்கவேண்டும். உருளையின் புறப்பரப்பே 0.03 சதுர மீற்றருக்கும் குறைவு. புறப்பரப்பைப்போல நூறு மடங்குக்கும் மேலான வெடிப்பைத் தனக்குள் சுமந்துகொண்டு ஒரு கல் ஆயிரத்தோராவது சுற்றிலும் அசையாமல் நின்று சுமை தாங்குமென்று நம்புவது கடினம். அந்தச் சக்தியின் பெரும்பங்கு பழைய வெடிப்பு முகங்கள் உராய்ந்து வெப்பமாகிப் போயிருக்கிறது. வெப்பம் என்றால் தொட்டுப் பார்த்துத் தெரியும் அளவன்று. முழுவதும் வெளியேறாமல் தங்கினாலும் ஆயிரம் சுற்றுக்குக் கால் பாகையளவே வெப்பநிலை உயரும். ஆகவே சுட்டியில் 0.4 என்று வந்தால், கல்லின் ஆயுளில் நாற்பது சதவீதம் தீர்ந்துவிட்டது என்று பொருள்கொள்ளக் கூடாது. அறிக்கை அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்கு மேலும் ஒரு படி போய், வெவ்வேறு சுமைகளில் கண்ட விகிதங்களை நேராகக் கூட்டி மொத்த ஆயுளை மதிப்பிட்டிருக்கிறது. உலோகங்களுக்காகப் பாம்கிரன் 1924இலும் மைனர் 1945இலும் முன்வைத்த கூட்டல் விதி, எந்தச் சுமை முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாறையில் வரிசை முக்கியம். முன்னர் கண்ட உச்சத் தகைப்பை மீறும்வரை பொருள் புதிதாக ஒலியெழுப்பாது என்று 1950இல் கைசர் காட்டிய விளைவும் பழைய சுமையின் நினைவு பொருளுக்குள் தங்கியிருப்பதையே உணர்த்துகிறது.

அந்த ஒலியைக் கேட்கும் உணரிகள் இக்கூடத்தில் இல்லை. ஒலியுமிழ்வையும் சக்தி விரயத்தையும் அருகருகே வைத்தால் எது உராய்வு, எது புது வெடிப்பு என்பதை ஓரளவு பிரிக்கலாம். அது இல்லாத இடத்தில், கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்தும் மீயொலிக் கருவி அவர்களிடம் இருப்பதை நினைவூட்டி, சோதனைக்கு முன்னும் பின்னும் உருளையின் நீளவாக்கில் ஒலியின் வேகத்தை அளந்து தரும்படி கேட்டேன். மட்டு ஒலிவேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால், வேகம் பத்து சதவீதம் குறைந்தால் மட்டு ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்ததாகும். சிறு மேலதிகக் கட்டணத்துக்குச் செய்து தந்தார்கள். உயர்ந்த சுற்று எண்ணிக்கையில் நிறுத்திய சில உருளைகளில் சக்திச் சுட்டி பெரிய சிதைவைக் காட்ட, ஒலிவேகமோ அநேகமாக மாறாமலே இருந்தது. எதை நம்புவது என்று கேட்டால், இந்த இடத்தில் நான் ஒலிவேகத்தை நம்புகிறேன்.

நீர் பற்றி ஒரு குறிப்பு. நம் பகுதியில் நிலத்தடி நீர் மாரியில் ஏறிக் கோடையில் இறங்குவதால் அத்திவாரத்தின் கீழுள்ள கல் வருடந்தோறும் நனைந்து உலர்கிறது. நனைந்த சுண்ணாம்புக்கல் உலர்ந்ததைவிட வலிமை குன்றும், மீள்சுமையில் விரயமும் மாறும். உலர்ந்தவை, நீரில் ஊறியவை என இரண்டு தொகுதியாகச் சோதிக்கக் கூடமே முன்வந்து ஆலோசனை கூறியது. வாடிக்கையாளர் கேட்கமறந்ததைச் சொல்லிக் கொடுக்கும் இந்தப் பண்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஊறவைத்தது குழாய்நீரில். கடற்கரை வளவென்றால் அந்த வளவுக் கிணற்று நீரையே கொடுத்து ஊறவைக்கச் சொல்வது மேல்.

இனி, இந்தச் சோதனை எங்கள் அழுத்திக்கு எவ்வளவு பொருந்தியது என்ற விடயம். இங்கேதான் இந்தச் சேவையை வாங்க எண்ணுகிறவர்கள் நின்று யோசிக்கவேண்டும். கூடம் சோதித்தது வலிமையின் 70 சதவீதத்தில், செக்கனுக்கு ஒரு சுற்று வீதம். வலிமை 20 மெகா பஸ்கால் என்றால் உச்சம் 14. அழுத்தியின் அத்திவாரம் பாறைக்குக் கொடுப்பதோ, தன்னிறையையும் சேர்த்து 0.15 மெகா பஸ்கால் என்ற அளவில்தான். 14, அதைப்போலத் தொண்ணூற்று மூன்று மடங்கு. மீள்சக்தி தகைப்பின் வர்க்கத்தோடு மாறுவதால், சோதனையில் ஒரு சுற்றுக்குக் கல்லுக்குள் போன சக்தி, வளவில் போகப்போவதைப்போல எண்ணாயிரம் மடங்குக்கும் அதிகம். முழுமையான பாறையைப் பொறுத்தவரை, அழுத்தி எத்தனை கோடி தடவை தட்டினாலும் மேலே சொன்ன, மூன்றாம் கட்டம் தொடங்கும் களைப்பு எல்லையின் அருகிலேயே போகாது. செக்கனுக்கு ஒரு சுற்று வீதம் பத்து இலட்சம் சுற்று ஓட்டப் பதினொன்றரை நாளுக்கு மேல் வேண்டும் என்ற கூடத்தின் கவலையும் அப்போது வீணாகிறது. ஓட்டத் தேவையே இல்லை.

ஆனால் பாறை முழுமையாக இல்லாத இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. அத்திவாரத்துக்கு நேர் கீழே ஒரு மீற்றர் அகலப் பொந்து இருக்கிறது, அதன் மேல் 20 சென்றிமீற்றர் தடிப்பான கல் கூரையாக நிற்கிறது என்று கடதாசியில் வைத்துக்கொள்வோம். அந்தக் கூரையை இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட வளையாக (உத்தரமாக) கருதி, அதே 0.15 மெகா பஸ்காலை மேலே வைத்தால், முனைகளில் உண்டாகும் வளைவினால் வரும் இழுவைத் தகைப்பு 1.9 மெகா பஸ்காலுக்குக் கிட்ட. பாறையின் இழுவை வலிமை நெருக்கல் வலிமையில் பத்தில் ஒன்று என்ற வழக்கமான மதிப்பில் அது 2 மெகா பஸ்கால். நெருக்கலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த சுமை, இழுவையில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மீள்சுமைக் களைப்பு வேலைசெய்யும் பகுதி துல்லியமாக இதுதான். கூரையின் தடிப்பு 40 சென்றிமீற்றராக இருந்தால் தகைப்பு நாலில் ஒன்றாகி, அச்சம் பெரும்பாலும் நீங்கும். ஆக, வடிவமைப்பைத் தீர்மானிப்பது கல்லின் சிதைவுச் சுட்டி அன்று, பொந்து எங்கே, அதன் கூரை எவ்வளவு தடிப்பு என்ற தகவல். அதை எந்த உருளைச் சோதனையும் சொல்லாது. துளையிட்டுப் பார்க்கவேண்டும், அல்லது மின்தடை அளவீடு செய்யவேண்டும்.

இதனால் சேவை பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. மீளும் தகைப்பு உண்மையிலேயே வலிமைக்கு அருகில் போகும் வேலைகளுக்கு, உதாரணமாக ஐதரோலிக் உடைப்பான் பாவிக்கும் கல்லகழ்விடத்துக்குப் பக்கத்திலுள்ள கட்டடம், சுண்ணாம்புக்கல்லில் நேராகப் பதிக்கும் நங்கூரக் கம்பிகள், காற்றாலைக் கோபுரத்தின் அடித்தளம் போன்றவற்றுக்கு, சுற்றுக்குச் சுற்றுத் தரப்படும் இந்தச் சக்தி அட்டவணை பெறுமதி மிக்கது. பாறைப் பொறிமுறை படிக்கும் மாணவர்களுக்கும், தங்கள் கண் முன்னே நம் ஊர்க்கல் களைத்து உடைவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அருகில் கிடைக்காது. எங்கள் விடயத்தில் நெருக்கல் உருளைகளுக்குப் பதிலாக, கோரிலிருந்து வெட்டிய வட்டுக்களை விட்டத்தின் குறுக்கே அழுத்திப் பிளக்கும் பிரேசில் முறை இழுவைச் சோதனையை மீள்சுமையில் செய்திருக்கவேண்டும். தனிச் சுமையில் அதைச் செய்கிறார்கள். மீள்சுமைக்குத் தாங்கிகள் இன்னும் அமையவில்லை, ஏற்பாடு செய்து தரலாம் என்று பொறுப்பான பொறியியலாளர் சொன்னார்.

அவரைப் பற்றியும் எழுதவேண்டும். மேலே நான் அடுக்கிய ஆட்சேபங்களை எல்லாம் அவரிடம் நேரிலேயே வைத்தேன். முகம் சுளிக்காமல் கேட்டார். ஆரம்பச் சிதைவு என்ற பெயரைத் திருத்தி “ஆரம்ப அமர்வும் விரயமும்” என்று மாற்றிய அறிக்கையை அனுப்பினார். சுட்டியை முதற் பக்கத்திலிருந்து எடுப்பதற்கு மட்டும் உடன்படவில்லை. வாடிக்கையாளர்களில் பலர் ஒற்றை எண்ணைத்தான் கேட்கிறார்கள், எண் இல்லாத அறிக்கைக்குப் பணம் தர மனம் வருவதில்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறதென்பதை நானும் அறிவேன். எனினும் எண்ணுக்குக் கீழே, அது எந்த உருளையின் மொத்தத்தால் வகுக்கப்பட்டது என்ற ஒரு வரியை எழுதினால் யாருக்கும் நட்டமில்லை.

கட்டணம் சாதாரண நெருக்கற் சோதனையைப்போலப் பல மடங்கு. ஒரு உருளை இயந்திரத்தை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பதால் அது நியாயமே. சொன்ன தவணைக்கு அறிக்கை வரவில்லை, ஆனால் தாமதத்தை முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. உரிமையாளர் படித்து விளங்கிக்கொள்ளத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமாவது தந்தால் நல்லது. கேட்டும் அது கிடைக்கவில்லை.

தொழிற்சாலை வளவில் பின்னர் ஆராய்துளைகள் இட்டோம். அழுத்திக்குக் குறித்திருந்த இடத்தின் ஒரு மூலையில் மெல்லிய கூரையோடு பொந்து அகப்பட்டது. அத்திவாரக் கட்டை எதிர்ப்புறத்துக்கு நகர்த்தி, பொந்தைச் சீமெந்துக் கூழால் நிரப்பிவிட்டோம். பிரேசில் வட்டுக்களுக்கு மீள்சுமைச் சோதனை செய்ய அதே கூடத்திடமே விலைமனு கேட்டிருக்கிறேன். இந்தச் சேவையைப் பெற எண்ணுகிறவர்கள் கட்டளைப் படிவத்திலேயே நான்கு விடயங்களை எழுதிக் கொடுப்பது நல்லது: ஒதுக்கிய கோரின் நீளம், உலர்ந்த மாதிரியும் நனைந்த மாதிரியும் தனித்தனியாக, சோதனைக்கு முன்னும் பின்னும் ஒலிவேகம், சுற்றுக்குச் சுற்று அளவீடு அடங்கிய எக்செல் கோப்பு. கடைசியாகச் சொன்ன கோப்பைத் தாமாகத் தரமாட்டார்கள். கேட்டால் மேலதிகக் கட்டணம் இல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள்.